கௌனஸ் ஜல்கிரிஸ்: உச்சம் 1985-ஆ, 1999-ஆ?

பழைய_பந்து

யூரோலீக் (ஐரோப்பியக் கூடைப்பந்தாட்டக் கிளப்புகளின் முதன்மைப் போட்டி) பொது இழையில் "ஜல்கிரிஸா? 1999-ல் ஒரே ஒரு தடவை ஜெயித்த அணிதானே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று தனி இழை தொடங்கியிருக்கிறேன்.

ஜல்கிரிஸ் லித்துவேனியாவின் கௌனஸ் நகரக் கிளப்; லித்துவேனியா 1985-ல் சோவியத் ஆட்சிக்குள் இருந்தது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1999-ல் வாங்கிய யூரோலீக் கோப்பை ஜல்கிரிஸின் மிகப் பெரிய கோப்பை, சரி. ஆனால் அதன் உச்சம் 1985. அந்த வருடம் சோவியத் லீக்கில் மாஸ்கோ சி.எஸ்.கே.ஏ.வைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார்களே, அதுதான்.

ஏன் என்று புரிய சி.எஸ்.கே.ஏ. யார் என்று தெரிய வேண்டும். அது சோவியத் ராணுவத்தின் கிளப். கட்டாய ராணுவ சேவை இருந்த நாடு அது. எந்த ஊரில் ஒரு நல்ல ஆட்டக்காரன் தலையெடுத்தாலும், சேவைக் காலம் என்ற பெயரில் அவனை மாஸ்கோவுக்குக் கூட்டிப்போக அவர்களுக்கு வழி இருந்தது. 1976 முதல் 1984 வரை ஒன்பது வருடம், ஒன்பது பட்டமும் அவர்களுக்கே. 1980, 1983, 1984 மூன்று வருடமும் இரண்டாம் இடத்தில் நின்றது ஜல்கிரிஸ். அதாவது வாசல்வரை போய்ப் போய்த் திரும்பிய அணி.

அப்புறம் 1985, 1986, 1987. மூன்று பட்டம், வரிசையாக. பயிற்சியாளர் விளாதாஸ் காராஸ்தாஸ். நடுவில் 221 சென்டிமீட்டர் உயர ஆர்விதாஸ் சபோனிஸ். வெளியிலிருந்து சுட ரிமாஸ் குர்தினாய்திஸ், ஆட்டத்தை நடத்த வால்தெமாராஸ் கோமிச்யுஸ், கூடவே செர்கேயுஸ் யோவாய்ஷா. இவர்கள் எல்லோரும் லித்துவேனியர்கள். எதிரில் இருந்ததோ ஒரு சாம்ராஜ்யத்தின் மொத்தத் திறமையையும் வடிகட்டி எடுத்த அணி. சொந்த நாட்டின் கொடியைக்கூட ஏற்ற முடியாத ஒரு ஊர், மாஸ்கோ ராணுவத்தை மாஸ்கோவின் விதிகளுக்குள்ளேயே நின்று ஜெயித்தது. இதற்கு மேல் ஒரு கிளப் என்ன செய்துவிட முடியும்?

---

சென்டர்_செல்வம்

ஐயா, 85 பெரிய விஷயம்தான், யார் இல்லேன்னாங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. 85-ல சபோனிஸ் இருந்தாரு. அந்த வயசு சபோனிஸ் அணியில இருந்தா யார் வேணா யாரையும் ஜெயிக்கலாம். ரீபவுண்ட் எடுத்துட்டு, கீழ இறங்கறதுக்கு முன்னாடியே பாதி மைதானம் தாண்டி பாஸ் போடற ஆளு. இன்னிக்கு என்.பி.ஏ.ல யோகிச்சைப் பார்த்து எல்லாரும் வாய் பிளக்கறாங்க, அந்த வகை சென்டருக்கு முன்னோடி சபோனிஸ்தான்.

1999-ல அப்படி ஒருத்தர் கிடையாது. சபோனிஸ் அப்ப போர்ட்லாண்ட்ல என்.பி.ஏ. ஆடிட்டு இருந்தாரு. 80-கள்ல ஆடினவங்க எல்லாம் கதவு திறந்ததும் வெளிநாடு போயாச்சு. சோவியத் காலத்து அரசுப் பணமும் இல்ல. கிட்டத்தட்ட முதல்ல இருந்து கட்டின அணி அது.

பயிற்சியாளர் யோனாஸ் கஸ்லௌஸ்காஸ். பாயிண்ட் கார்டா டயஸ் எட்னி, அஞ்சடி பத்தங்குலம். 1995-ல அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில மிசௌரிக்கு எதிரா 4.8 செகண்ட் மிச்சம் இருக்கும்போது பந்தை இந்த முனையில வாங்கி அந்த முனை வரை தனியா ஓட்டிட்டுப் போய்ப் போட்டாரே, அவரேதான். அந்த யு.சி.எல்.ஏ. அணியில அவர் கூட ஆடின செக் நாட்டு சென்டர் யிர்ஷி ஸீடெக்கும் கௌனஸுக்கு வந்திருந்தாரு. கூட ஆந்தனி பௌவி. மிச்சம் எல்லாம் உள்ளூர்ப் பசங்க: ஷ்டோம்பெர்காஸ், ரெண்டு ஜுகௌஸ்காஸ், அதோமாய்திஸ், மஸ்கோலியூனாஸ், மசியூலிஸ்.

ம்யூனிக்ல அரையிறுதி ஒலிம்பியாகோஸ் கூட, 87-71. இறுதி ஆட்டம் முந்தின வருஷ சாம்பியன், இத்தாலியோட கிண்டர் பொலோனியா கூட, 82-74. பொலோனியா பக்கம் டானிலோவிச், ரிகோதோ, பெஞ்சுல மெஸ்ஸினா. அந்த வருஷம் ஐரோப்பாவுல அவங்களை மாதிரி செலவு பண்ண அணிகள் கொஞ்சம்தான். எட்னி அவங்க கால்களுக்கு நடுவுல புகுந்து புகுந்து வந்தாரு. இறுதிச்சுற்றோட சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான்.

85-ல ஜெயிச்சது ஒரு நாட்டோட லீக். 99-ல ஜெயிச்சது ஐரோப்பாவை. ரெண்டும் ஒண்ணாகாது.

---

யாழ்_பார்வையாளன்

இரண்டு பேரும் நடுவிலிருந்து கதையைத் தொடங்கியிருக்கிறியள். கௌனஸில் கூடைப்பந்தாட்டம் 1944-இல் ஜல்கிரிஸோடு பிறந்ததில்லை.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வில்னியுஸ் போலந்திடம் இருந்தது. அதனால் கௌனஸ்தான் லித்துவேனியாவின் தற்காலிகத் தலைநகர். 1937-இல் ரிகாவில் நடந்த ஐரோப்பியச் சம்பியன் பட்டத்தை லித்துவேனியா வென்றது. அடுத்த போட்டியை 1939-இல் தாங்களே நடத்த வேண்டிய நிலை. அதற்காகச் சில மாதங்களுக்குள் கௌனஸில் ஒரு விளையாட்டரங்கைக் கட்டி எழுப்பினார்கள். கூடைப்பந்தாட்டத்துக்கென்றே கட்டிய அரங்குகளில் ஐரோப்பாவில் அதுதான் முன்னோடி. அந்தப் போட்டியின் முதல் நாளில் லாத்வியாவுடன் ஆட்டம். கடைசிக் கணத்தில் பிரானாஸ் லூபினாஸ் போட்ட பந்தால் 37-36. லூபினாஸ் லொஸ் ஏஞ்சலிஸில் லித்துவேனியப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்தவர். அவரை ஆட விட்டதற்கு எதிரணிகளிடமிருந்து கடும் ஆட்சேபம் எழுந்தது.

அடுத்த வருடம் சோவியத் படைகள், பிறகு ஜேர்மன் படைகள், 1944-இல் திரும்பவும் சோவியத் படைகள். அந்தத் தலைமுறை ஆட்டக்காரரில் பலர் மேற்கே தப்பி ஓடினார்கள். நாடு போய்விட்டது, அரங்கு மட்டும் நின்றது. ஜல்கிரிஸ் அதற்குள்தான் வளர்ந்தது. 1410-இல் போலந்தும் லித்துவேனியாவும் சேர்ந்து தெயுத்தோனிய வீரர்களை முறியடித்த போரின் பெயரைக் கிளப்புக்கு வைத்தார்கள். ஜேர்மனியருக்கு எதிரான வெற்றி என்பதால் அந்தப் பெயரில் சோவியத் ஆட்சிக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. லித்துவேனியருக்கோ அது தங்கள் பழைய அரசின் நினைவு. 1947-இலும் 1951-இலும் சோவியத் பட்டம் வந்ததே, அதை யாரும் சொல்லவில்லை. 1952 ஹெல்சிங்கியில் வெள்ளி வென்ற சோவியத் அணியில் ஸ்தேபாஸ் புதௌதாஸ் உட்படக் கௌனஸ்காரர் இருந்தார்கள். 1985-ஐ முதல் வெற்றி போலப் பேசுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

---

வைகைக்கரையான்

அண்ணே, இப்பத்தான் ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு சந்தேகம். 1986-லயும் ஐரோப்பியக் கோப்பை ஜல்கிரிஸ்தானே எடுத்தாங்க? எங்கேயோ பார்த்த ஞாபகம்.

---

பழைய_பந்து

இல்லை தம்பி. 1986-ல் அவர்கள் எடுத்தது இண்டர்காண்டினென்டல் கோப்பை. ஐரோப்பிய சாம்பியன்ஸ் கோப்பையின் (யூரோலீக்கின் பழைய பெயர்) இறுதி ஆட்டம் அதே வருடம் புடாபெஸ்டில் நடந்தது. எதிரணி ஸாக்ரெபின் சிபோனா, அதாவது டிராஜன் பெட்ரோவிச்சின் அணி. சிபோனா 94, ஜல்கிரிஸ் 82. இரண்டாம் பாதியில் சபோனிஸ் கோபத்தில் மிஹோவில் நாகிச்சைக் கையால் அடித்து வெளியேற்றப்பட்டார். 21 வயதுப் பையன். சுற்றிச் சுற்றி வந்து முழங்கையால் இடித்துச் சீண்டினால் என்ன செய்வான் என்று எதிரணிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் வெளியே போன பிறகு ஆட்டம் ஆட்டமாக இல்லை.

அதற்கு முந்தின வருடம் கோப்பை வென்றோர் கோப்பையின் (ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டி) இறுதியிலும் பார்சிலோனாவிடம் நான்கு புள்ளியில் தோல்வி, 77-73. ஆக ஐரோப்பாவில் இரண்டு இறுதி ஆட்டம், இரண்டிலும் தோல்வி. செல்வம் இதைத்தான் அடுத்து எடுத்து வீசுவார் என்று எனக்குத் தெரியும்.

---

சென்டர்_செல்வம்

வீசத்தான் போறேன் 🙂 85-87 அணி ஐரோப்பாவுல ஒரு கோப்பைகூட எடுக்கல. கஸ்லௌஸ்காஸ் அணி 1998-ல பெல்கிரேடுல மிலானோவை 82-67-ன்னு அடிச்சு யூரோகப் (ரெண்டாம் நிலைக் கோப்பை), அடுத்த வருஷமே யூரோலீக். அடுத்தடுத்து ரெண்டு வருஷம். கணக்கு முடிஞ்சது.

---

பழைய_பந்து

கோப்பைக் கணக்கு என்றால் முடிந்ததுதான். நான் பேசுவது எது கஷ்டம் என்று.

1999-ல் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருடம் மறுபடி முயன்றிருப்பார்கள், அவ்வளவுதான். 1985-ல் கௌனஸ் அரங்குக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு வழி எதுவும் இல்லை. 1972-ல் ரொமாஸ் கலாந்தா என்ற 19 வயது இளைஞன் சோவியத் ஆட்சியை எதிர்த்துத் தீக்குளித்த ஊர் அது. அதைத் தொடர்ந்து தெருவுக்கு வந்தவர்களைக் கைது செய்தார்கள். ஊர்வலம் போக முடியாது, எழுத முடியாது. ஆனால் ஆட்டத்தில் கத்தலாம். அங்கே மாஸ்கோவுக்கு எதிராகத் தொண்டை கிழியக் கத்தினால் எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை. அந்தச் சத்தத்துக்குள் நின்று ஆடுவது என்பது வேறு மாதிரி பாரம்.

சியோலையும் சேர்த்துப் பாருங்கள். 1988 ஒலிம்பிக் அரையிறுதியில் அமெரிக்காவை 82-76 என்று தோற்கடித்தது சோவியத் அணி. அந்த அணியின் முதுகெலும்பே நான்கு லித்துவேனியர்கள்: சபோனிஸ், குர்தினாய்திஸ், கோமிச்யுஸ், மார்ச்சுலியோனிஸ். இவர்களில் மூன்று பேர் ஜல்கிரிஸ். தங்கப் பதக்கம் மட்டும் மாஸ்கோவின் கணக்கில் ஏறியது. நான்கு வருடம் கழித்து பார்சிலோனாவில் அதே நால்வரும் லித்துவேனியா என்று எழுதிய சட்டையில், காராஸ்தாஸின் பயிற்சியில், பழைய சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். அந்த வெண்கலத்துக்கான வேர் கௌனஸ் அரங்கில் இருக்கிறது.

---

யாழ்_பார்வையாளன்

இதை ஒத்துக்கொள்கிறன். ஆனால் இந்தக் கணக்குப்படி பார்த்தால் மொதெஸ்தாஸ் பௌலௌஸ்காஸை எங்கே வைப்பீங்கள்? 1962 முதல் 1976 வரை ஜல்கிரிஸிலேயே ஆடினவர். 1972 ம்யூனிக்கில் அமெரிக்காவை 51-50 என்று வென்ற சோவியத் அணியின் தலைவர். ஜல்கிரிஸோடு ஒரு சோவியத் பட்டம்கூட வெல்லவில்லை. மாஸ்கோ அணிக்குப் போயிருந்தால் வீடு நிறையப் பட்டங்கள் குவிந்திருக்கும். போகவில்லை. அவர் கௌனஸில் நின்றதால்தான் அடுத்த தலைமுறைப் பையன்களும் கௌனஸில் நிற்பது வழக்கமானது. என்னைக் கேட்டால் உச்சத்தை விடவும் அந்த வெறுமையான 14 வருடம்தான் இந்தக் கிளப்பைக் காப்பாற்றினது.

---

தமிழினி_கௌனஸ்

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க கௌனஸ்ல மருத்துவம் படிக்கிறேன். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இந்த இழையைப் பார்த்ததும் எழுதாம இருக்க முடியல.

நீங்க சொல்ற பழைய அரங்கு இன்னும் இருக்கு. ஆனா ஜல்கிரிஸ் 2011-லேர்ந்து ஆடறது நெமுனாஸ் ஆத்துக்கு நடுவுல இருக்கிற தீவுல, புது அரங்கத்துல. பதினஞ்சாயிரம் பேருக்கு மேல உட்காரலாம். ஊர் மக்கள்தொகையே மூணு லட்சம் சுத்திதான். அப்படின்னா ஒவ்வொரு யூரோலீக் ஆட்டத்துக்கும் ஊர்ல இருபதுல ஒருத்தர் உள்ள இருக்காங்கன்னு வச்சுக்கலாம். அதனாலதான் ஐரோப்பாவுலயே அதிகக் கூட்டம் வர்ற அணிகள்ல எப்பவும் இவங்க பேர் வருது.

ஆட்ட நாள்ல சாயங்காலம் ஆனா பாலத்து மேல பச்சைத் துண்டு கழுத்துல போட்டவங்க வரிசைதான். குளிர்காலம்னா மூச்சு புகையா வருது, யாரும் வேகமா நடக்கறதில்ல, பேசிக்கிட்டே போறாங்க. பேச்சு முழுக்க ஆட்டம். என் பக்கத்து சீட்ல எப்பவும் ஒரு பாட்டி வருவாங்க, எழுபது தாண்டியிருக்கும். எதிரணி ஃப்ரீ த்ரோ போடும்போது எல்லாரும் விசில் அடிப்பாங்க, அந்தப் பாட்டி மட்டும் கண்ணை மூடிக்குவாங்க. நம்ம அணி ஃப்ரீ த்ரோ போட்டாலும் மூடிக்குவாங்க. ஏன்னு கேட்டேன். "குஸ்தாஸ்" அப்படின்னு ஒரே வார்த்தை சொன்னாங்க. எனக்கு அப்ப அது யாருன்னு தெரியாது. யாராவது விளக்கமா எழுதுங்களேன்.

---

சென்டர்_செல்வம்

ஐயோ, அந்தப் பாட்டி கண்ணை மூடறது எனக்கு நல்லா புரியுது தங்கச்சி.

2003-ல சபோனிஸ் போர்ட்லாண்ட்ல இருந்து கௌனஸ் திரும்பினாரு. வயசு 39-ஐ நெருங்குது. முழங்காலும் குதிகாலும் போனது போனதுதான். ஓட முடியாது, எகிற முடியாது. ஆனா அந்த சீசன் யூரோலீக் முதல் சுற்று, அடுத்த 16 அணிச் சுற்று, ரெண்டுக்குமே சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ரிங்குக்குக் கீழ நின்னுக்கிட்டே, தலையைத் திருப்பாம பாஸ் போட்டுப் போட்டே ஜெயிக்க வச்சாரு.

ஏப்ரல் 2004, டெல் அவிவ். மக்காபி கூட ஆட்டம். ஜெயிக்கறவங்க ஃபைனல் ஃபோர் (கடைசி நாலு அணிச் சுற்று) போறாங்க, அந்த ஃபைனல் ஃபோர் நடக்கப்போறதும் அதே டெல் அவிவ்ல. சபோனிஸுக்கு அஞ்சு ஃபவுல் ஆகி வெளிய உட்கார்ந்துட்டாரு. ரெண்டு செகண்ட் சுமாருக்கு மிச்சம், ஜல்கிரிஸ் மூணு புள்ளி முன்னாடி, 94-91. ஜல்கிரிஸ் ஆட்டக்காரர் குஸ்தாஸுக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஒண்ணு போட்டாலே கதை முடிஞ்சுது. முதல்லது போகல. ரெண்டாவதும் போகல, அதுலயும் கோட்டைத் தாண்டினாங்கன்னு விசில், பந்து மக்காபிக்கு. குர் ஷெலெஃப் மொத்த மைதானத்தையும் தாண்டி வீசினாரு. டெரிக் ஷார்ப் வாங்கித் திரும்பித் தூக்கிப் போட்டாரு. மூணு புள்ளி. ஓவர்டைம்ல 107-99.

மக்காபி அப்புறம் இறுதி ஆட்டத்துல பொலோனியாவோட இன்னொரு அணியை 118-74-ன்னு நசுக்கினாங்க. 44 புள்ளி வித்தியாசம்! அந்த இடத்துல ஜல்கிரிஸ் நின்னிருக்கணும், சபோனிஸ் கைல அவர் சொந்த ஊர்க் கோப்பை இருந்திருக்கணும்னு நினைக்கும்போது இப்பவும் மனசு ஆறமாட்டேங்குது. அதுதான் அவர் கடைசியா முழுசா ஆடின பெரிய சீசன்.

---

பழைய_பந்து

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு மக்காபி சட்டையில் ஆடியவர்களில் ஒருவர் கௌனஸில் பிறந்த ஷாருனாஸ் யாசிகேவிச்யுஸ். தன் ஊர் அணி கண்ணெதிரே அப்படி உடைவதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தவர். ஆட்டக்காரராக மூன்று வெவ்வேறு கிளப்புகளோடு நான்கு யூரோலீக் பட்டம் வாங்கினார். ஒன்றுகூட ஜல்கிரிஸோடு இல்லை. கடைசி சீசனை மட்டும் 2013-14-ல் கௌனஸில் வந்து ஆடிவிட்டு அங்கேயே துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்தார்.

அவர் வந்தபோது கிளப் எந்த நிலையில் இருந்தது என்பதும் முக்கியம். 2009-லிருந்து உரிமை விளாதிமிர் ரொமானோவிடம் இருந்தது. எடின்பரோவின் ஹார்ட்ஸ் கால்பந்து கிளப்பும் இவருடையதே. பயிற்சியாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். 2013-ல் அவருடைய ஊக்கியோ வங்கி மூழ்கியது. ஹார்ட்ஸ் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஜல்கிரிஸ் தப்பியதே பெரிய விஷயம்.

---

தமிழினி_கௌனஸ்

நன்றி அண்ணா. இனி அந்தப் பாட்டியைப் பார்த்தா நானும் கண்ணை மூடிக்குவேன்.

யாசிகேவிச்யுஸை இங்க எல்லாரும் ஷாராஸ்னுதான் சொல்றாங்க. 2017-ல ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு, உலகம் முழுக்கப் பரவினது. அரையிறுதித் தொடர் நடந்துட்டு இருக்கும்போது ஆகுஸ்தோ லிமா குழந்தை பிறக்கிறதுன்னு கிளம்பிப் போயிட்டாரு. அதைப் பத்தி ஒரு நிருபர் குறையா கேட்டாரு. ஷாராஸ் திருப்பி அவர்கிட்டயே குழந்தை இருக்கான்னு கேட்டு, குழந்தை பிறந்தப்புறம்தான் உனக்குப் புரியும், உலகத்துல அதைவிடப் பெரிசு எதுவும் இல்லன்னு நிதானமா எடுத்துச் சொன்னாரு. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே அந்த வீடியோவைப் பார்த்திருக்கேன். அது எந்த அணியோட பயிற்சியாளர்னு அப்ப தெரியாது.

---

வைகைக்கரையான்

அப்ப 2018-ஐ யாருமே சொல்லலையே. அந்த வருசம் ஃபைனல் ஃபோர் போனாங்கள்ல?

---

சென்டர்_செல்வம்

போனாங்க. ஷாராஸோட அணி. கெவின் பாங்கோஸ், பிராண்டன் டேவிஸ், இளம் மிசிச், கூடவே யான்கூனாஸ், உலானோவாஸ், மிலாக்னிஸ். முதல் எட்டுல ஒலிம்பியாகோஸை 3-1. 1999-க்கு அப்புறம் முதல் ஃபைனல் ஃபோர், பெல்கிரேடுல. அரையிறுதியில ஃபெனர்பாச்சே கூட 67-76 தோல்வி. மூணாம் இடத்துக்கு யார் கூட ஆடினாங்க தெரியுமா? சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ. 79-77.

---

பழைய_பந்து

மூன்றாம் இட ஆட்டத்தை மற்ற அணிகள் சம்பிரதாயமாக ஆடும். கௌனஸ்காரர்களுக்கு எதிரில் சி.எஸ்.கே.ஏ. என்றால் எந்த ஆட்டமும் சம்பிரதாயம் இல்லை. யான்கூனாஸ் முகத்தைப் பாருங்கள், 2003-ல் பையனாக உள்ளே வந்தவர், இடையில் சிறிது காலம் தவிர 2020 வரை அதே பச்சைச் சட்டை. அவர் சேர்ந்த சீசன்தான் டெல் அவிவ் சீசன்.

செல்வம், நீங்கள் சொன்ன ஒன்றை மட்டும் மறுக்கிறேன். சபோனிஸ் இருந்தால் யாரும் ஜெயிக்கலாம் என்றீர்கள். 1983, 1984 இரண்டு வருடமும் சபோனிஸ் அணியில் இருந்தார், இரண்டு முறையும் சி.எஸ்.கே.ஏ.தான் பட்டம் வாங்கியது. அவரைச் சுற்றி ஒரு அணி அமைந்த பிறகே வெற்றி வந்தது.

---

சென்டர்_செல்வம்

அது நியாயமான பாயிண்டுதான் ஐயா. 85-ஐ ரெண்டாவதா வச்சுக்கறேன், அதுக்கு மேல இறங்கமாட்டேன். எட்னியை விட்டுக் கொடுக்க மனசு வரல.

---

யாழ்_பார்வையாளன்

என் வாக்கு பௌலௌஸ்காஸுக்கு. தெரிவுப் பட்டியலில் அது இல்லை என்றாலும்.

---

வைகைக்கரையான்

புதுசா பார்க்கிறவன் எந்த ஆட்டத்துல ஆரம்பிக்கலாம்னு சொல்லுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை லீவு.

---

பழைய_பந்து

முதலில் 1999 இறுதி ஆட்டத்தின் இரண்டாம் பாதி. எட்னியின் வேகத்தைப் பார்த்தால் செல்வம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்று புரியும். அப்புறம் 2004 டெல் அவிவ், முழு ஆட்டமும், சபோனிஸ் பந்து வாங்கும் ஒவ்வொரு தடவையும் மற்ற நான்கு பேர் எங்கே ஓடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். 1980-களின் சி.எஸ்.கே.ஏ. ஆட்டங்கள் படம் மங்கலாகத்தான் இருக்கும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலியைக் குறைக்காதீர்கள், கூட்டத்தின் சத்தம் கேட்க வேண்டும்.